கல் எழும் முன் அச்சானவை

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைப் பற்றி மிச்செலின் டயர் கம்பெனி 1919-ல் வெளியிட்ட போர்க்கள வழிகாட்டி கைக்கு அடக்கமான புத்தகம்தான். எடுத்துப் பார்த்தால் அதன் கனம் வியப்பூட்டும். புகைப்படங்கள் தெளிவாகப் பதிய வேண்டும் என்று வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு தெரு போருக்கு முன் இருந்த கோலம், அதே தெரு குண்டு விழுந்த பின் இருந்த கோலம். இரண்டையும் முடிந்தவரை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டைத்தான் நான் முதலில் ரசிக்கிறேன். நிற்பதற்கு அடையாளமாக ஒரு சுவர்கூட மிஞ்சாத ஊரில், பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவை எங்கே நிறுத்துவது என்று ஒருவர் தேடி அலைந்திருக்கிறார்.

போர் நினைவுச் சின்னங்களைப் பற்றிய பழைய புத்தகங்களைச் சேர்க்கிறேன் என்றால், பளிங்குத் தூண்களும் வெண்கலச் சிலைகளும் நிறைந்த பெரிய ஆல்பங்களைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவற்றின் மேல் எனக்கு அவ்வளவு பற்றில்லை. முதல் உலகப் போர் முடிந்து, சின்னங்கள் எழுந்து நிற்பதற்கு முன்னால் சில ஆண்டுகள் இருந்தன. இறந்தவர்களை என்ன செய்வது, எப்படி நினைப்பது, யாரிடம் கேட்பது என்று ஒரு கண்டமே திகைத்து நின்ற ஆண்டுகள் அவை. அப்போது அச்சான புத்தகங்கள்தான் என் தேட்டம். கல்லில் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. இந்தப் புத்தகங்களில் எதுவும் இன்னும் தீர்மானமாகவில்லை.

மிச்செலின் வரிசையின் முதல் புத்தகம், மார்ன் பகுதிப் போர்க்களங்களைப் பற்றியது, 1917-லேயே வந்துவிட்டது. அப்போது போர் முடியவில்லை. பிறகு ரீம்ஸ், வெர்டன், சோம், ஆராஸ், ஈப்ர் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தொடர்ந்து வந்தன. போரில் உயிர்விட்ட தங்கள் தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் கம்பெனி இவற்றைக் காணிக்கையாக்கியிருக்கிறது. விற்று வந்த பணம் பிரான்ஸின் மக்கள்தொகையைப் பெருக்கப் பாடுபட்ட ஒரு சங்கத்துக்குப் போனது. இந்தப் பயணம் வெறும் ஊர் சுற்றலாக இருக்கக் கூடாது, புனித யாத்திரையாக இருக்க வேண்டும் என்று முன்னுரை கேட்டுக்கொள்கிறது. டயர் விற்கிறவர்கள் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. முழுப் புத்தகத்தையும் படித்தவர்களுக்கு அந்தச் சுளிப்பு வராது. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் போரின் வரலாறு, நாள்வாரியாக, வரைபடங்களோடு வருகிறது. அதன் பிறகுதான் பாதை.

அந்தப் பாதைப் பகுதியின் உரைநடைக்கு ஈடாக வேறொன்றை நான் படித்ததில்லை. கார் ஓட்டுகிறவருக்கு வழி சொல்லும் நடை அது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பு, இத்தனை கிலோமீட்டர் நேராகப் போ, இன்ன பக்கத்திலுள்ள படத்தைப் பார் என்று சுருக்கமாக நடக்கிறது. ஆனால் அது காட்டும் அடையாளங்கள் எவை? இடிந்த தேவாலயம், எரிந்த ஆலை, சாலையோரம் செயலற்றுக் கிடக்கும் டாங்கி, ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் அரண். ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த ஊரில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அடுத்த வாக்கியத்தில் சொல்கிறது. குரல் உயரவில்லை, அடைமொழி கூடவில்லை. வழி சொல்ல வந்தவன் வழியை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறான். துயரத்தைச் சொல்ல இந்த அடக்கமே போதும் என்று அந்தப் பெயரில்லாத எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது.

சில ஆண்டுகளில் டாங்கிகளை உடைத்துப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். தேவாலயங்களை மறுபடி கட்டினார்கள். 1914 நவம்பர் 22-ல் எரிந்த ஈப்ர் துணிச் சந்தை மண்டபம், 13-ம் நூற்றாண்டின் அற்புதம், பல பத்தாண்டு உழைப்பில் பழைய உருவத்திலேயே எழுந்து 1967-ல் நிறைவுற்றது. இன்று அந்தச் சதுக்கத்தில் நிற்பவருக்கு இடிபாடு எதுவும் தெரியாது. 1919 வழிகாட்டியை வைத்துக்கொண்டு இன்று யாரும் வழி கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அது விலைமதிப்பற்றதாகிறது.

வெர்டன் தொகுதியில் இன்னொரு நயம் உண்டு. இன்று வெர்டன் என்றதும் கண்முன் வருவது துவோமோன் எலும்புக்கூடம், குன்றின்மேல் அந்த நீண்ட கட்டடமும் நடுவில் உயர்ந்த கோபுரமும். அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள், இரு தரப்பாருடையவையும் கலந்து, அங்கே இருக்கின்றன. 1932-ல்தான் அதைத் திறந்துவைத்தார்கள். 1919 புத்தகத்தில் அந்தக் குன்று இருக்கிறது, கோபுரம் இல்லை. 1916 பிப்ரவரி 25-ல் ஜெர்மானியர் கைப்பற்றி, அக்டோபர் 24-ல் பிரெஞ்சுக்காரர்கள் மீட்ட கோட்டை இருக்கிறது. சுற்றிலும் பள்ளமும் மேடுமான மண் இருக்கிறது. அந்த எலும்புகள் அப்போது அந்த மண்ணில்தான் கிடந்தன. அது தெரிந்து அந்தப் படங்களைப் பார்க்கும்போது, ஒரு மண்மேட்டையும் சாதாரணமாகக் கடந்துவிட முடிவதில்லை.

சேகரிப்பவர்களுக்காகச் சில வார்த்தை. ஆர்ட் தாளுக்கு ஈரம் ஆகவே ஆகாது. பூச்சு இளகி ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது படம் உரிந்து வந்துவிடும். சென்னைக் கடல்காற்றில் இவற்றைக் காப்பது தனி வேலை. அடுத்த எதிரி மடிப்புப் படம். அகன்ற காட்சிப் படங்களையும் வரைபடங்களையும் மடித்து வைத்துத் தைத்திருப்பார்கள். நூறு ஆண்டுகளாகப் பிரித்தவர்கள் எல்லாம் ஒழுங்காக மடித்திருந்தால் அது பிழைத்திருக்கும். பெரும்பாலும் மடிப்பில்தான் கிழிசல். காகித மேலுறையோடு கிடைக்கும் பிரதி அபூர்வம், விலையும் அதற்கேற்றபடி ஏறும். மேலுறை இல்லாத ஆங்கிலப் பிரதிகள் ஏராளமாக அச்சானவை என்பதால் இன்றும் எட்டுகிற விலைக்கு வருகின்றன. சமயத்தில் புத்தகத்தைவிடத் தபால் செலவே அதிகம்.

பழைய பிரதி என்றால் மாசில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் உண்டு. எனக்கு அந்த விருப்பம் இல்லை. என் ஈப்ர் பிரதியில், வரைபடத்தில் ஒரு சிற்றூரைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார்கள். பெயரில்லை, தேதியில்லை. பென்சிலை அழுத்திப் போட்டிருப்பதால் தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் அது தட்டுப்படுகிறது. இதை அழித்துச் சுத்தம் செய்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்றார் ஒரு புத்தகக்காரர். அழிக்க மனம் வரவில்லை. ஊர் பார்க்கப் போனவர் போட்ட வட்டமாக அது தோன்றவில்லை.

மிச்செலினோடு போட்டியிட்ட வழிகாட்டிகளும் உண்டு. ஈப்ர் போர்முனைக்காக, டால்பட் ஹவுஸ் என்ற சிப்பாய்களின் ஓய்வில்லத்தைச் சேர்ந்தவர்கள், அந்த முனையில் போரிட்ட ஆட்களே சேர்ந்து, 1920-ல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கேப்டன் ஆதர்டன் ஃப்ளெமிங் 1919-ல் எழுதிய ஒன்றும் இருக்கிறது. இவர்தான் பின்னாளில் துப்பறியும் கதை எழுதிய டாரத்தி சேயர்ஸை மணந்தவர். சேயர்ஸின் நாயகன் பீட்டர் விம்ஸி போரில் கலங்கிப் போன மனத்தோடு கதைகளில் நடமாடுகிறான் என்பது நினைவுக்கு வரும்போது, அந்த வழிகாட்டியைச் சற்று நின்று படிக்கத் தோன்றும். நின்று பார்த்தால் அது சுமாரான புத்தகம்தான். படங்களில் மிச்செலினுக்குப் பக்கத்தில் வராது.

மிச்செலின் இடிந்ததைக் காட்டியது என்றால், அதே 1919-ல் வந்த ஒரு சிறு வெளியீடு இன்னும் கட்டாததைக் காட்டியது. பேரரசுப் போர்க்கல்லறை ஆணையத்துக்காக ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய, கல்லறைகளைப் பற்றிய துண்டுநூல் அது. படங்கள் டக்ளஸ் மக்ஃபர்சன் வரைந்தவை. புகைப்படம் எடுக்க அப்போது எதுவும் இல்லை. களத்தில் இருந்தவை மரச் சிலுவைகளும் சேறும்தான். மக்ஃபர்சனின் தூரிகையில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், நடுவே பலிபீடம் போன்ற பெருங்கல், மரங்கள், வெட்டி ஒழுங்குபடுத்திய புல்வெளி. எல்லாம் வரப்போகிற காலத்தின் காட்சிகள்.

ஏன் இப்படி வரைந்து காட்ட வேண்டியிருந்தது என்பது தெரிந்தால்தான் அந்தப் படங்களின் அருமை புரியும். உடல்களை நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்திருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநர் ஃபிரெடரிக் கென்யன் 1918-ல் தந்த அறிக்கையோ, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், ஒரே வடிவம் என்றது. அவரவர் விருப்பப்படி சிலுவை வைக்க இடமில்லை. தாய்மார்கள் கொதித்தார்கள். சிலுவை வைக்க அனுமதி கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு வேல்ஸ் இளவரசருக்குப் போனது. 1920 மே 4-ல் நாடாளுமன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. மகனைப் பறிகொடுத்துவிட்டு அவன் உடலையும் கேட்க முடியாத ஒரு தாயிடம், அவன் இப்படிப்பட்ட இடத்தில் இருப்பான் என்று காட்ட வேண்டிய வேலை அந்தப் படங்களுக்கு இருந்தது. எழுதியவருக்கும் அதே நிலைதான். கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான் 1915 செப்டம்பரில் லூஸ் போரில் காணாமல் போனான். வயது 18. தன் மகனுக்குக் கல்லறையே இல்லை என்று தெரிந்த ஒரு தகப்பன், மற்றவர்களின் கல்லறை எப்படி இருக்கும் என்று பொறுமையாக விளக்குகிறார். கல்லின் அளவு, எழுத்தின் ஆழம், செடிகளின் ஏற்பாடு என்று விவரங்களோடு நின்றுகொள்கிறார். தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. கிப்ளிங்கின் அரசியலோடு எனக்கு ஒட்டாது. இந்தத் துண்டுநூலைப் படிக்கும்போது மட்டும் அவரோடு சண்டையிடத் தோன்றுவதில்லை.

என் அலமாரியில் எதைக் காட்டுவாய் என்று கேட்டால், இவை இரண்டையும் விட்டுவிட்டு ஆணையத்தின் பதிவேடுகளைத்தான் காட்டுவேன். 1920-களிலும் அதன் பிறகும் அச்சான காகித அட்டைப் புத்தகங்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்று. சின்னத் தோட்டங்கள் என்றால் சிலவற்றைச் சேர்த்து ஒன்று. இதன் ஒரு பிரதி அந்தத் தோட்டத்துச் சுவரில் வெண்கலக் கதவு போட்ட மாடத்துக்குள் இருக்கும். போகிறவர்கள் திறந்து பெயர் தேடலாம். இன்னொரு பிரதியைக் காசு கொடுத்துக் குடும்பங்கள் வாங்கிக்கொண்டன. இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அப்படி வீடுகளுக்குப் போனவை.

முதலில் ஒரு முன்னுரை. தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது, எந்த ரயில் நிலையத்திலிருந்து எத்தனை தூரம், எந்த மருத்துவப் பிரிவு முதல் குழியைத் தோண்டியது, போர் ஓய்ந்த பிறகு எங்கெங்கிருந்து உடல்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். அடுத்து ஒரு தள வரைபடம். பிறகு பெயர்கள். குடும்பப் பெயர் பெரிய எழுத்தில், பிறகு எண், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், வயது. கடைசியில் ரோமன் எண்ணில் பிரிவு, எழுத்தில் வரிசை, எண்ணில் குழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருக்கும். இன்னாரின் மகன், இன்ன தெரு, இன்ன ஊர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் புத்தகங்களைப் படிக்கிறேன்.

அந்த வரி குடும்பத்திடமிருந்து வந்தது. ஆணையம் நெருங்கிய உறவினருக்கு ஒரு படிவம் அனுப்பும். பெயர், வயது, பெற்றோர் விவரம் சரியா என்று கேட்கும். கல்லின் அடியில் பொறிக்க வாசகம் வேண்டுமானால் எழுதச் சொல்லும், இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துக்குள். ஓர் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று முதலில் கேட்டார்கள், பின்னால் அதை விருப்பக் கொடையாக்கினார்கள். எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும் என்று நியூசிலாந்து அந்த வாசகமே வேண்டாம் என்றுவிட்டது. படிவத்தில் குடும்பம் கூடுதலாக எழுதி அனுப்பியது ஏதாவது இருந்தால், அதுவும் பதிவேட்டில் ஏறியது. தென்னாப்பிரிக்கப் போரிலும் பணியாற்றியவன், பள்ளியில் பரிசு பெற்றவன், தன்னோடு பிறந்தவர்களும் இதே போரில் மாண்டார்கள் என்றெல்லாம். அச்சுக்குத் தயாரித்த எழுத்தர் அதை வெட்டாமல், அதே சிறிய எழுத்தில், அதே வரியில் அடக்கியிருக்கிறார்.

பல பெயர்களுக்கு அந்த வரி இல்லை. படிவம் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். வீடு மாறியிருக்கலாம், அம்மா இறந்திருக்கலாம், எழுதப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அங்கே நாளும் எண்ணும் முடிந்ததும் நேரே குழி எண் வந்துவிடும். பக்கத்தை மொத்தமாகப் பார்த்தால், நீளமான பதிவுகளுக்கு நடுவே இந்தக் குட்டைப் பதிவுகள் தனியாகத் தெரியும்.

ஈப்ரின் மெனின் வாயிலை 1927 ஜூலை 24-ல் திறந்தார்கள். உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில். அதன் பதிவேடு ஒரு புத்தகத்தில் அடங்காமல், அகரவரிசையில் பகுதி பகுதியாக வந்தது. அதில் ஸ்மித் என்ற பெயர் பக்கம் பக்கமாகப் போகும். வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்தால் அத்தனை ஸ்மித்தும் ஒன்றுபோலத் தெரிவார்கள். கல்லில் குடும்பப் பெயரும் முதலெழுத்தும்தான். பதிவேட்டைத் திறந்தால் ஒவ்வொருவனுக்கும் ஒரு தெரு, ஓர் அப்பா, ஓர் அம்மா. ரெஜினால்ட் புளும்ஃபீல்ட் கட்டிய அந்த வாயிலின் கம்பீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கட்டடத்தால் செய்ய முடியாத ஒன்றை இந்த மெலிந்த புத்தகம் செய்துவிடுகிறது.

எல்லாம் கட்டி முடியும் தறுவாயில், 1929-ல், சிட்னி ஹர்ஸ்ட் பிரான்ஸ், பெல்ஜியத் தோட்டங்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். 900-க்கும் மேற்பட்ட படங்கள். பார்த்துக்கொள்ள உதவும். சோம் போர்க்களத்தில் காணாமல் போனவர்களுக்காக லட்யன்ஸ் வடிவமைத்த தீப்வால் வளைவு 1932-ல்தான் திறக்கப்பட்டது என்பதால், எழுந்து நிற்கும் தீப்வாலை அதில் தேடக் கூடாது.

இந்தியத் தொடர்புள்ளவை எண்ணிக்கையில் குறைவு. மெரிவெதரும் ஃபிரெடரிக் ஸ்மித்தும் சேர்ந்து எழுதிய, பிரான்ஸில் இந்தியப் படையைப் பற்றிய தடித்த வரலாறு முதன்மையானது. ஸ்மித் அந்தப் படையோடு இருந்து அதன் நடவடிக்கைகளைப் பதிவு செய்தவர். நிகழ்ந்தவை மறக்கும் முன் எழுதிய புத்தகம் என்பது வாக்கியங்களில் தெரியும். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நூவ் ஷாப்பெல் சண்டையை அது சொல்லும் அத்தியாயத்தில், எந்தப் பிரிவு எந்த வேலியைத் தாண்டியது என்பதுவரை விவரம் உண்டு. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1927 அக்டோபர் 7-ல், அதே ஊரில் இந்திய நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தவர் இதே ஸ்மித்தான். அப்போது அவர் பர்கன்ஹெட் பிரபு, இந்தியாவுக்கான அமைச்சர். பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் வந்திருந்தார், கிப்ளிங்கும் வந்திருந்தார். அந்த விழாவை விவரித்து ஹாடர் அண்ட் ஸ்டவுட்டன் ஒரு புத்தகம் வெளியிட்டது. வரலாற்றையும் விழாப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டும் முழுமையாகும்.

ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த சின்னம் அது. வட்டச் சுற்றுச்சுவர், கல்லைக் குடைந்த ஜாலி வேலைப்பாடு, தாமரைத் தலை வைத்த தூண், இரு பக்கமும் புலிகள். தூணில் ஆங்கிலம், அரபி, தேவநாகரி, குர்முகி எழுத்துகள். 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர்கள். 1915 மார்ச் 10-ல் அதே மண்ணில் விழுந்து விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகியின் பெயரும் அவற்றில் ஒன்று. இதன் பதிவேட்டில், மற்றப் பதிவேடுகளில் லங்காஷயர்த் தெரு வரும் இடத்தில், கிராமம், தாலுகா, ஜில்லா வருகிறது. தகப்பன் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள். ஒரே ஊர்ப் பெயர் இரண்டு பதிவில் இரண்டு விதமாக இருக்கும். அந்தக் கோணல்களை நான் பிழையாகப் பார்ப்பதில்லை. மலைக்கிராமத்து வீடொன்றில் கேட்டறிந்த விவரம் கை மாறி, மேசை மாறி, லண்டன் அச்சகம்வரை வந்து சேர்ந்ததன் தடம் அது.

எல்லா இந்தியருக்கும் இது கிடைக்கவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பாலமும் பாதையும் அமைத்துப் போரிட்ட மெசபடோமியாவில், பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் கல்லில் அதிகாரிகளின் பெயர்கள் ஏறின. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஒரு தொகை. இப்படி இனவேறுபாடு காட்டி நடத்தியதை ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சமமான கல், சமமான பெயர் என்ற கென்யனின் அறிக்கையை இதற்குப் பிறகு எடுத்துப் படித்தால் நெஞ்சு எரிகிறது.

எனவே நூவ் ஷாப்பெல் பதிவேடு எங்காவது கண்ணில் பட்டால் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். அட்டை போயிருந்தாலும் பாதகமில்லை. முன்னுரைத் தாள் இருக்கிறதா, தள வரைபடத்தை யாரும் கிழித்து எடுக்கவில்லையா, பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கம்பித் தையல் துருவேறியிருந்தால் உடனே எடுத்துவிட்டு நூலால் தைக்கக் கொடுங்கள். துரு தாளுக்குள் பரவினால், தையலை ஒட்டி இருக்கும் எழுத்துகள்தான் முதலில் போகும்.